நாயோடு ஒரு நாள் பயணம்: காலையில் மலைப்பாதை, மாலையில் பழைய ஊர் – முழுமையான வழிகாட்டி

நாயைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் வெளியூர் போகும்போது நேரும் தவறுகளில் பெரும்பாலானவை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே நடந்துவிடுகின்றன. எங்கே போவது என்று முதலில் இடத்தைப் பிடித்துவிட்டு, அப்புறம் நாயை அதற்குள் திணிக்கப் பார்க்கிறோம். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். இந்த நாய் எவ்வளவு சூடு தாங்கும், எவ்வளவு தூரம் நடக்கும், எவ்வளவு கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு இடத்தைத் தேடலாம்.

ஏற்ற இறக்கமான பாதைதான் நாயைக் களைக்க வைக்கும், பழைய ஊரில் சும்மா சுற்றுவது ஓய்வு மாதிரி என்று நினைப்பவர்கள் நிறைய. அநேக நாய்களுக்கு நேர்மாறு. பாதையில் நாய் தன் வேகத்தில் மோந்துகொண்டு போகிறது. ஊருக்குள் அறிமுகமில்லாத காலடிகள், சமையல் வாசனை, மணியோசை, குழந்தைகள், குறுகலான சந்துகள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதுகின்றன. இரண்டு மணி நேரம் மலை ஏறியும் வாலை ஆட்டிக்கொண்டிருக்கும் நாய், முக்கால் மணி நேரம் கடைத்தெருவில் நின்றால் துவண்டுவிடும். அதனால் இந்த வழிகாட்டி நாளை மூன்றாகப் பிரிக்கிறது: விடிகாலையில் பாதை, நடுப்பகலில் நிழலில் படுக்கை, மாலையில் ஊர். ஊருக்கு ஒதுக்கும் நேரம் எப்போதும் குறைவு.

எந்த நாயைக் கூட்டிப் போகலாம்

தடுப்பூசிகள் முடியாத குட்டிக்கு வெளியூர்ப் பயணம் வேண்டாம். முதல் சுற்றுத் தடுப்பூசிகள் பொதுவாக 16 வார வயதில்தான் முடிகின்றன. அதன் பிறகும் எலும்பு முனைகளில் இருக்கும் வளர்ச்சித் தகடுகள் மூட இனத்தைப் பொறுத்து ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். பெரிய இனங்களுக்கு இன்னும் தாமதம். அதுவரை நீண்ட இறக்கங்களும் பாறையிலிருந்து குதிப்பதும் மூட்டுகளுக்குக் கேடு. சமதரையில் அரை மணி நேரம், நடுநடுவே உட்கார்ந்து எழுந்து நடந்தால் போதும்.

பக், புல்டாக், ஷி ட்சு போன்ற சப்பை மூக்கு இனங்களுக்குத் தனிக் கணக்கு. நாயின் உடலில் வியர்வைச் சுரப்பிகள் பாதத்தின் அடியில்தான் முக்கியமாக இருக்கின்றன. உடம்பைக் குளிர்விக்க அது நம்பியிருப்பது மூச்சிரைப்பைத்தான். காற்றுப் பாதையே குறுகலாக இருக்கும் இனத்துக்கு அந்த ஒரே வழியும் பாதி அடைபட்டிருக்கிறது. இவற்றை மலைப்பாதைக்கு அழைத்துப் போகாமல், குளிர்ந்த நேரத்தில் நிழலான சமதரை நடையோடு நிறுத்துங்கள். பருமனான நாய், கிழ நாய், இதய நோயோ குரல்வளைக் கோளாறோ உள்ள நாய் ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். சினையாக இருக்கும் நாயையும் இனச்சேர்க்கைப் பருவத்தில் இருக்கும் பெண் நாயையும் வீட்டிலேயே விடுங்கள்.

உடம்பு சரியாக இருந்தும் குணம் ஒத்துவராத நாய்கள் உண்டு. அந்நியரைக் கண்டால் குரைத்துப் பாயும் நாயை ஊருக்குள் கூட்டிப் போவது அதற்கும் வதை, மற்றவர்களுக்கும் ஆபத்து. அந்த நாய்க்குக் காட்டுப்பாதை மட்டும் போதும். அதில் அதற்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டியவை

தினமும் 2 கி.மீ. நடக்கும் நாயைத் திடீரென்று 10 கி.மீ. கூட்டிப் போனால் முதலில் கெடுவது மூச்சல்ல, பாதத்தின் அடித்தோல். நாய் கால் நொண்டிய பிறகுதான் அது நமக்குத் தெரியும். வாரம் ஒரு நீண்ட நடை வையுங்கள். ஒவ்வொரு வாரமும் தூரத்தைப் பத்து முதல் இருபது விழுக்காடு வரை மட்டும் கூட்டுங்கள். கரடுமுரடான தரையும் கொஞ்சம் கலந்திருக்கட்டும். தார்ச்சாலையில் மட்டும் நடந்த பாதம் சரளைக்கல்லுக்குப் பழகியிருக்காது.

அதே மாதத்தில் நான்கு பழக்கங்களைக் கற்றுக்கொடுங்கள்: கூப்பிட்டால் திரும்பி வருவது, வாயில் எடுத்ததைச் சொன்னதும் கீழே போடுவது, ஒரு விரிப்பின் மேல் இருபது நிமிடம் படுத்திருப்பது, எதிரே ஆள் வந்தால் ஓரமாக உட்காருவது. மூன்றாவது பழக்கத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். உணவகத்தில் நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடுவதும் சாப்பிடாததும் அதை நம்பித்தான் இருக்கிறது. விரிப்பை வீட்டிலேயே அறிமுகப்படுத்தி, அதே விரிப்பைப் பயணத்திலும் எடுத்துப் போங்கள். இடம் புதிதாக இருந்தாலும் படுக்கையில் பழைய வாசனை இருக்கும்.

பொதுப் போக்குவரத்தில் நாய்க்கு வாய்ப்பூட்டு கட்டாயம் என்று பல ஊர்களில் விதி உண்டு. கூடை வடிவ வாய்ப்பூட்டையே வாங்குங்கள். அதற்குள் நாய் வாயைத் திறந்து இரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியும். வாயை இறுக்கிப் பிடிக்கும் துணி உறை வெயில் நேரத்தில் உயிருக்கே ஆபத்து. பழக்குவதற்கு இரண்டு வாரம் கொடுங்கள்: முதல் சில நாள் கூடைக்குள் தின்பண்டம் வைத்து நாயே மூக்கை நுழைக்கட்டும், அப்புறம் சில நொடிகள் வாரைப் பூட்டி அவிழ்க்கலாம், கடைசியாக அதோடு நடக்கலாம்.

கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி நடப்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேங்கிய நீரில் எலிச் சிறுநீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸுக்குத் தனித் தடுப்பூசி உண்டு; அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். உண்ணி மருந்தைக் கிளம்பும் நாள் காலையில் போட்டுப் பயனில்லை. தோலில் விடும் சொட்டு மருந்து உடல் முழுவதும் பரவ ஓரிரு நாள் ஆகும்.

இடத்தைத் தேர்வு செய்வது

காட்சி அழகாக இருந்தால் மட்டும் போதாது. பாதையில் நிழல் எவ்வளவு தூரத்துக்கு இருக்கிறது, தரை மண்ணா பாறையா சரளையா, இரும்பு ஏணியோ கம்பிவலைப் படிக்கட்டோ குறுக்கிடுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கீழே ஊடுருவித் தெரியும் வலைப் படிகளில் பல நாய்கள் கால் வைக்க மறுத்து நின்றுவிடும். ஆடுமாடு மேயும் நிலம் வழியே பாதை போகிறதா என்பதும் முக்கியம்.

தேசியப் பூங்காக்களிலும் வனவிலங்கு சரணாலயங்களிலும் நாய்க்குத் தடை இருப்பது உலகம் முழுவதும் சகஜம். நாயின் மலமும் சிறுநீரும் வாசனையும் காட்டு விலங்குகளைக் கலைக்கும், நோயையும் பரப்பும் என்பதால்தான் அந்தத் தடை. பழைய கோட்டைகளிலும் மாளிகைகளிலும் முற்றம் வரை விட்டுவிட்டு உட்கட்டடத்துக்குள் விடாதது உண்டு. 'நாய் அனுமதி உண்டு' என்ற ஒற்றை வரியை நம்பிக் கிளம்பாமல், தொலைபேசியில் கூப்பிட்டு எதுவரை அனுமதி, எந்த நேரத்தில், எந்த அளவு நாய்க்கு, எவ்வளவு நீளக் கயிற்றில் என்று கேளுங்கள். திருவிழா நாளா, வாரச்சந்தை நாளா, வாணவேடிக்கை இருக்கிறதா என்றும் விசாரிக்க மறக்காதீர்கள்.

நேரக் கணக்குக்கு ஒரு பழைய விதி இன்றும் கைகொடுக்கிறது. ஸ்காட்லாந்தின் மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்தது: 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். 8 கி.மீ. தூரமும் 300 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு இது 2 மணி 6 நிமிடம் என்று வரும். மோந்து பார்க்கவும் தண்ணீர் குடிக்கவும் பாதத்தைப் பரிசோதிக்கவும் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 2 மணி 50 நிமிடம். வெயில் ஏறுவதற்குள் இந்த நேரம் முடியாது என்றால் பாதையைச் சுருக்குங்கள். நடுவில் எங்கு வேண்டுமானாலும் திரும்பி வர முடிகிற பாதை, முடித்தே தீர வேண்டிய வட்டப் பாதையைவிட நல்லது.

கடைசியாக, அந்தப் பகுதியில் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணையும் வழியையும் கைப்பேசியில் சேமித்துவிடுங்கள். மலையில் சிக்னல் இருக்காது. வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

தண்ணீர்தான் முதலில். சாதாரண நாளில் ஒரு நாய்க்குக் கிலோவுக்கு 50 முதல் 60 மி.லி. வரை தண்ணீர் தேவை. 20 கிலோ நாய்க்கு அது 1.2 லிட்டர் வரை. நடக்கும் நாளில் ஒன்றரை மடங்குக்கு மேலும் போகலாம். ஆகவே நாய்க்கு மட்டும் 2 லிட்டர், உங்களுடையது தனி. காரில் இன்னும் 5 லிட்டர் இருக்கட்டும். அது குடிக்க அல்ல. வெப்பத்தாக்கு வந்தால் உடம்பில் ஊற்ற.

கயிறு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை நீளமுள்ள, நீளம் மாறாத கயிறாக இருக்க வேண்டும். இழுத்தால் நீண்டு சுருங்கும் லீஷ் இந்தப் பயணத்துக்கு ஆகாது: மெல்லிய நாண் கையை அறுக்கும், மரத்தில் சிக்கும், பிடி கை நழுவிக் கீழே விழுந்தால் அது தடதடவென்று பின்னாலேயே துரத்தி வருவதாக நினைத்து நாய் ஓட்டம் பிடிக்கும். மார்பில் ஒய் எழுத்து வடிவில் அமையும் ஹார்னஸ் (மார்பைச் சுற்றிக் கட்டும் வார்) தோள்பட்டை அசைவைத் தடுக்காது. எந்த வாருக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். மூன்று நுழைந்தால் தளர்வு, பயந்த நாய் பின்வாங்கியே கழன்றுவிடும். கழுத்துப்பட்டையில் உங்கள் கைப்பேசி எண் பொறித்த வில்லை இருக்கட்டும். தோலுக்கடியில் மைக்ரோசிப் என்ற அடையாளச் சில்லு பொருத்தியிருந்தால் அதன் 15 இலக்க எண்ணையும், பதிவில் இருப்பது உங்கள் இப்போதைய எண்தானா என்பதையும் சரிபாருங்கள். மாறிப்போன எண்ணோடு இருக்கும் சிப்பால் ஒரு பயனும் இல்லை.

முதலுதவிக்கு வேண்டியவை: 0.9 விழுக்காடு உப்புநீர்க் குப்பி, ஒட்டாத காயத்துணி, 5 செ.மீ. அகலத்தில் தன்னோடு தானே ஒட்டும் கட்டுத்துணி இரண்டு சுருள், முனை மழுங்கிய கத்தரி, கூர்முனை இடுக்கி, பாதத்தில் போட ஒரு பழைய காலுறை, துண்டு, கையுறை. மனிதருக்கான வலி மாத்திரை எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். இபுப்ரோஃபென் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பாராசிட்டமால் கல்லீரலையும் இரத்தத்தையும் கெடுக்கும். மலம் அள்ளும் பை நீங்கள் நினைப்பதைவிட மூன்று கூடுதலாக வேண்டும். இருபது கிலோவுக்கு மேற்பட்ட நாய் என்றால், தூக்கிச் சுமக்கும் துணித் தூளி ஒன்றும் சேரட்டும். கால் முறிந்த நாயைக் கையில் தூக்கி அரை கிலோமீட்டர் நடந்து பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

காரில்

கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பு சிறிதளவு உணவு. அதன் பிறகு தண்ணீர் மட்டும். நிறைந்த வயிற்றோடு வளைவுப் பாதையில் போனால் வாந்தி நிச்சயம். மார்பு ஆழமான பெரிய இனங்களுக்கு உணவை ஓட்டத்துக்கு மிக அருகில் வைத்தால் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அது அறுவைச் சிகிச்சை வரை போகும். பயணத்தில் எப்போதும் வாந்தி எடுக்கும் நாய்க்குக் கால்நடை மருத்துவர் தரும் மாரோபிடன்ட் மாத்திரை வேலை செய்யும். வாந்திக்கு முன் கொட்டாவி, எச்சில் ஒழுகுதல், உதட்டை நக்குதல் என்று அடையாளங்கள் வரும். அப்போதே வண்டியை ஓரங்கட்டுங்கள்.

நாயைப் பின்னிருக்கையில் ஹார்னஸின் முதுகு வளையத்தோடு குட்டையான வாரால் இருக்கைப் பட்டையில் பூட்டுங்கள், அல்லது நகராமல் கட்டிய கூண்டில் வையுங்கள். கழுத்துப்பட்டையில் ஒருபோதும் பூட்டக்கூடாது; திடீர் பிரேக்கில் கழுத்தெலும்பு போய்விடும். மடியிலும் வேண்டாம், காற்றுப்பை உள்ள முன்னிருக்கையிலும் வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டுவது பார்க்க அழகுதான், ஆனால் கண்ணில் மணலும் பூச்சியும் வந்து அடிக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். கதவைத் திறக்கும் முன்பே கயிறு பூட்டப்பட்டிருக்க வேண்டும். வழியில் தொலையும் நாய்களில் பல, அந்தக் கதவு திறந்த நொடியில்தான் தொலைகின்றன.

நிறுத்திய காரில் நாயைத் தனியே விடுவது பற்றி: 22 டிகிரி செல்சியஸ் என்ற இதமான நாளில்கூட மூடிய காரின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரியை எட்டியதை 2005-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு பதிவு செய்திருக்கிறது. அந்த ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிட்டது. ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்தும் பெரிய வித்தியாசம் இல்லை. 'ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவேன்' என்பதும் இதில் அடக்கம்.

பாதையில்

விடிந்ததும் நடக்கத் தொடங்குங்கள். முதல் பத்து நிமிடம் நாய் விருப்பப்படி மோந்து, மலஜலம் கழித்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளட்டும். அதை அவசரப்படுத்தினால் வழி நெடுக இழுக்கும். பிறகு இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். ஒரே மூச்சில் அரை லிட்டரைக் குடித்துவிட்டு ஓடும் நாய் கக்கிவிடும். கொண்டுவந்த தண்ணீரில் பாதி தீர்ந்தால், உச்சி எவ்வளவு அருகில் தெரிந்தாலும் திரும்புங்கள். இந்த ஒரு விதியில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நான்கு பாதங்களையும் தூக்கிப் பாருங்கள். விரல்களுக்கு நடுவே நெருஞ்சி முள், கூர்மையான புல் ஊசிகள், சிறு கற்கள் சிக்கியிருக்கும். புல் ஊசியை அலட்சியம் செய்யக்கூடாது. அதன் அமைப்பு முன்னோக்கி மட்டுமே நகரும்படி இருக்கும். தோலைத் துளைத்து உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும். காதில் நுழைந்தால் நாய் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறிக்கொண்டே இருக்கும், மூக்கில் நுழைந்தால் அடுக்கடுக்காகத் தும்மும். இரண்டையும் நீங்களே தோண்டாதீர்கள், மருத்துவர் எடுக்கட்டும். அடித்தோல் கிழிந்திருந்தால் உப்புநீரால் கழுவி, ஒட்டாத துணி வைத்து, விரல்கள் வீங்காதபடி தளர்வாகக் கட்டி, மேலே காலுறையைப் போடுங்கள். நாய்க்கான காலணி வாங்குவதாக இருந்தால் வீட்டில் பழக்காமல் கொண்டுவராதீர்கள். அளவு சரியில்லாத காலணி, காலின் உட்பக்கம் தரையைத் தொடாமல் இருக்கும் நகத்தின் அடியில் ஒரு மணி நேரத்தில் புண்ணாக்கும்.

தரைச் சூட்டுக்குப் புறங்கையைத் தரையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயாலும் முடியாது. காற்று 25 டிகிரி இருக்கும் நாளிலும் நேர்வெயிலில் கிடக்கும் தார்ச்சாலை 50 டிகிரியைத் தாண்டும். காற்றில் ஈரப்பதம் அதிகமான நாளில் வெயில் குறைவாக இருந்தாலும் ஏமாந்துவிடாதீர்கள். மூச்சிரைப்பால் உடம்பு குளிர்வது நாக்கில் உள்ள ஈரம் ஆவியாவதால். காற்றே ஈரமாக இருந்தால் அது ஆவியாகாது.

நீர்நிலையைக் கண்டதும் நாயை விட்டுவிடாதீர்கள். ஓரத்தில் பச்சை வண்ணக் குழம்பு ஊற்றியது போலப் படலம் இருந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் நஞ்சு கல்லீரலையோ நரம்பையோ தாக்கும், சில வகைகள் சில மணி நேரத்தில் கொல்லும், மாற்று மருந்து கிடையாது. நாய் அதில் இறங்கிவிட்டால் ரோமத்தை நக்க விடாமல் உடனே நல்ல தண்ணீரில் அலசி, நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆடுமாடுகள் இருக்கும் இடத்தில் குட்டைக் கயிறு கட்டாயம். கன்றோடு நிற்கும் பசுவை விட்டுத் தூரமாகச் சுற்றிப் போங்கள். பசு துரத்தினால் கயிற்றை விட்டுவிட வேண்டும்: அதன் கோபம் நாயின் மேல்தான், நாய் ஓடித் தப்பிக்கும், நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள். மலத்தைப் பையில் அள்ளி மரத்தில் தொங்கவிட்டுப் போகும் வழக்கம் அள்ளாமல் விடுவதைவிட மோசம். மலமாவது மட்கும், பை மட்காது.

நடுப்பகல்

பத்தரை, பதினொரு மணிக்குள் பாதையை முடித்துவிட்டு, காற்றோட்டமான நிழலில் இரண்டு மணி நேரமாவது விரிப்பைப் போட்டுப் படுக்க வையுங்கள். இரைப்பு முழுதும் அடங்கிய பிறகு, அரை மணி நேரம் கழித்துச் சிறிதளவு உணவு. நாய் தூங்கினால் எழுப்பாதீர்கள். மாலை நன்றாக அமைவதும் சொதப்புவதும் இந்தத் தூக்கத்தைப் பொறுத்தது. பயணத் திட்டம் போடுபவர்கள் முதலில் வெட்டுவது இந்த இரண்டு மணி நேரத்தைத்தான். வெட்டினால் அதன் விலையை ஊருக்குள் குரைப்பாகவும் இழுபறியாகவும் கொடுப்பீர்கள்.

பழைய ஊருக்குள்

நான்கரை, ஐந்து மணிக்கு மேல் நுழைவது நல்லது. ஆனால் காற்று குளிர்ந்துவிட்டது என்பதால் கல்லும் குளிர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நாள் முழுதும் வெயில் குடித்த கருங்கல் தளமும் மதிற்சுவரும் அந்தச் சூட்டை நெடுநேரம் கக்கிக்கொண்டிருக்கும். புறங்கைச் சோதனையை இங்கேயும் செய்யுங்கள். தெருவின் மேற்குப் பக்கக் கட்டடங்களின் நிழல் முன்னதாகவே விழும். அந்தப் பக்கமாக நடங்கள்.

பழைய நகரங்களின் பெரிய ஆபத்து கோட்டை மதிலும் கொத்தளமும்தான். உட்புறத்தில் இடுப்பளவே இருக்கும் கைப்பிடிச் சுவருக்கு வெளிப்புறம் பத்து இருபது மீட்டர் பள்ளம் இருக்கலாம். வீட்டுத் தோட்டத்துச் சுவரைத் தாவிப் பழகிய நாய்க்குச் சுவர் மட்டும்தான் தெரியும், பள்ளம் தெரியாது. புறாவையோ பூனையையோ கண்டு ஒரு பாய்ச்சலில் போய்விடும். மதில்மேல் நடக்கும்போது கயிற்றை ஒரு மீட்டராகச் சுருட்டி, நாயைச் சுவர்ப் பக்கம் விடாமல் உட்பக்கமாக நடத்துங்கள். சுவர்மேல் நாயை நிறுத்திப் படம் எடுப்பது வேண்டவே வேண்டாம். மூடாத பழங்கிணறு, பீரங்கி மாடத்துத் திறப்பு, கைப்பிடி இல்லாத படிக்கட்டு எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை.

கல் பாவிய தெருவில் இடுக்குகளில் நகம் மாட்டி வேரோடு பிய்ந்துவிடும். கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நகத்தை வெட்டி வைப்பது இதற்காகத்தான். அன்றே வெட்டினால் முனை கூராக இருக்கும், அடியில் இரத்தம் கசிந்திருக்கவும் கூடும். வடிகால் கம்பித் தட்டுகளைச் சுற்றிப் போங்கள். நகரும் படிக்கட்டில் நாயை ஏற்றாதீர்கள். படிகள் முடியும் இடத்தில் உள்ள பல்வரிசையில் விரல்கள் சிக்கிக் கிழிந்துபோகும். மின்தூக்கியில் ஏறினால் கயிறு கதவுக்கு வெளியே இல்லை என்று பார்த்த பிறகே பொத்தானை அழுத்துங்கள்.

ஆண் நாய்கள் மூலைக்கு மூலை காலைத் தூக்கும். புதுச் சுவரில் அது வெறும் நாற்றம். பழைய மணற்கல்லிலும் சுண்ணாம்புக்கல்லிலும் அது சேதம். சிறுநீரில் உள்ள உப்புகள் நுண்துளைகளில் இறங்கி, காயும்போது படிகமாகிக் கல்லின் மேற்பரப்பை உரிக்கின்றன. ஊருக்குள் நுழையும் முன்பே மண் தரையில் பதினைந்து நிமிடம் நிற்க வைத்து மூத்திரப்பையைக் காலி செய்யுங்கள். அப்படியும் சுவரில் போய்விட்டால் அரை லிட்டர் தண்ணீரை ஊற்றி நீர்த்துப்போகச் செய்துவிட்டு நகருங்கள்.

சத்தத்துக்குத் தயாராக இருங்கள். மணிக்கூண்டோ கோயில் மணியோ முழங்கும் நேரத்தை அறிந்து, அந்த ஐந்து நிமிடம் இரண்டு தெரு தள்ளி நில்லுங்கள். குதிரைவண்டி வந்தால் கடையோரமாக ஒதுங்கி, நாய்க்கும் குதிரைக்கும் நடுவே நீங்கள் நின்று, அது போகும்வரை தின்பண்டத்தைத் துணுக்குத் துணுக்காகக் கொடுத்துக்கொண்டிருங்கள். தடவக் கேட்கும் குழந்தைகளை நாயின் எதிரே நிற்க விடாமல் பக்கவாட்டில் நிறுத்தி, தலையில் அல்லாமல் மார்பில் மூன்று நொடி தொடச் சொல்லுங்கள். நாய் விலகினால் அதோடு சரி.

உணவகத்தில் நடமாட்டமில்லாத ஓர மேசையைக் கேளுங்கள். கயிற்றை நாற்காலியிலோ மேசைக் காலிலோ கட்டாதீர்கள். நாய் ஒருமுறை இழுத்தால் நாற்காலி கிறீச்சிடும், அந்தச் சத்தத்துக்குப் பயந்து நாய் ஓடும், நாற்காலியும் துரத்தும்; தெரு முழுக்க ரகளையாகிவிடும். கயிற்றை உங்கள் காலுக்கு அடியில் அழுத்தி வையுங்கள். தட்டிலிருந்து எதையும் போடாதீர்கள். சாக்லேட், வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் பொருள்) சேர்த்த இனிப்பு, வெந்த எலும்பு எல்லாம் கேடு. தரையில் சிந்திக் கிடப்பதற்கும் இதுவே கணக்கு; கடைத்தெருவில் நாயின் மூக்கு எப்போதும் உங்களைவிட முன்னால் இருக்கும்.

அருங்காட்சியகத்துக்குள் போக வேண்டுமானால் ஆள் மாற்றி ஆள் போங்கள். தனியாக வந்திருந்தால் அன்றைக்கு அது இல்லை. வாசலில் கட்டிவிட்டுப் போன நாய் திருடு போகலாம், கழன்று ஓடலாம், யாரையாவது கடிக்கலாம்.

முதல்முறை ஊருக்குள் முக்கால் மணி நேரம் போதும். பழகிய நாய்க்கு ஒன்றரை மணி நேரம். கடிகாரத்தைவிட நாயின் முகத்தைப் பாருங்கள்: வெயில் இல்லாமலே இரைப்பு, தூக்கம் வராமலே கொட்டாவி, கண்ணின் வெண்மை தெரிய ஓரப்பார்வை, ஒடுங்கிய வால், அடிக்கடி உடம்பை உதறுதல். பிடித்த தின்பண்டத்தை மோந்துகூடப் பார்க்காமல் முகத்தைத் திருப்பினால் பொறுமை தீர்ந்துவிட்டது. அந்த நிமிடமே காருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஏதாவது ஆகிவிட்டால்

*வெப்பத்தாக்கு.* நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உறுப்புகள் கெடத் தொடங்கும். அடங்காத பேரிரைப்பு, கெட்டியான எச்சில், செங்கல் நிறமாகச் சிவந்த ஈறு, தள்ளாட்டம், வாந்தி ஆகியவை அடையாளங்கள். செய்ய வேண்டியது:

1. நிழலுக்குக் கொண்டுபோய் ஹார்னஸையும் வாய்ப்பூட்டையும் கழற்றுங்கள்.
2. கையில் இருக்கும் தண்ணீரை வயிறு, தொடையிடுக்கு, முதுகு எல்லாவற்றிலும் தொடர்ந்து ஊற்றுங்கள். உடம்புச் சூட்டைவிடக் குளிர்ந்த எந்த நீரும் போதும். ஐஸ் தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள்.
3. விசிறுங்கள், அல்லது காரின் குளிர்சாதனக் காற்றுக்கு எதிரே நிறுத்துங்கள்.
4. ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விடாதீர்கள். சிறிது நேரத்தில் அது சூடாகி வெப்பத்தை உள்ளேயே பிடித்துவைக்கும்.
5. தானாகக் குடித்தால் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள், வாயில் ஊற்றாதீர்கள்.
6. முதலில் குளிர்வித்து, பிறகு மருத்துவமனைக்கு. எழுந்து நடந்தாலும் போயே ஆக வேண்டும். சிறுநீரகமும் இரத்த உறைவும் கெடுவது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

*பாம்புக்கடி.* நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள், முகத்தில் கடித்திருந்தால் கழுத்து வரை வீங்கும். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். பாம்பைத் தேடவும் வேண்டாம்.

*வேறு நாய் கடித்தால்.* கடிவாயைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். விலக்கிவிடப் போய் உங்களுக்கும் பல் பட்டிருந்தால் நீங்களும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

*நாய் கழன்று ஓடினால்.* துரத்தாதீர்கள், துரத்தத் துரத்த அது இன்னும் ஓடும். கீழே உட்கார்ந்து, சாதாரணக் குரலில் கூப்பிட்டு, தின்பண்டப் பையைச் சலசலக்க வையுங்கள். கண்ணுக்கு மறைந்துவிட்டால் ஒருவர் அந்த இடத்திலேயே இருக்க வேண்டும்; பல நாய்கள் பிரிந்த இடத்துக்கே திரும்பி வருகின்றன. இருட்டி நீங்கள் கிளம்ப வேண்டி வந்தால் அணிந்திருந்த சட்டையையும் நாயின் விரிப்பையும் அங்கே விட்டுவிட்டு, விடியலில் மறுபடி போய்ப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

உள்ளே நுழையும் முன் வெளிச்சத்தில் நிறுத்தி உண்ணி பாருங்கள்: காதின் உள்மடிப்பு, கண்ணோரம், கழுத்துப்பட்டைக்கு அடி, அக்குள், தொடையிடுக்கு, வாலடி, விரலிடுக்கு. கண்ணால் மட்டும் பார்த்தால் தவறிவிடும். விரல்நுனியால் தடவிப் பாருங்கள், மிளகு மாதிரி தட்டுப்படும். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், நிதானமாக நேராக இழுங்கள். எண்ணெய் தடவுவதும் நெருப்பு வைப்பதும் உண்ணியைக் கலவரப்படுத்தி, அதன் உமிழ்நீரை நாயின் உடம்புக்குள் இன்னும் கக்க வைக்கும். சில நோய்க்கிருமிகள் உடம்பில் இறங்க ஒரு நாளுக்கு மேல் ஆகும், சில சில மணி நேரத்திலேயே இறங்கிவிடும். அதனால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று தள்ளாதீர்கள்.

பாதங்களை வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரலிடுக்கை நன்றாகத் துடைத்துவிடுங்கள். மறுநாள் நடை கிடையாது, வெளியே போய்வர மட்டும். காலையில் எழும்போது உடம்பு கொஞ்சம் விறைத்திருப்பது இயல்பு. பத்து நிமிடத்தில் சரியாகிவிட வேண்டும். ஒரு காலை மட்டும் ஊன்றாமல் இருந்தாலோ, சிறுநீர் காபி நிறத்தில் போனாலோ காத்திருக்காதீர்கள். அடுத்த மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல், சோர்வு, ஈறு வெளுத்தல், மூக்கில் இரத்தம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உண்ணிக் காய்ச்சலா என்று இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் எந்தக் காட்டுக்குப் போனீர்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.